நிரந்தரமாக மூடப்பட்டது

கடையைத் திரும்பத் திறந்து இரண்டு வாரமாகியும் மதியக் கூட்டம் வரவில்லை. கணவர் ஜஹாங்கீர் இறந்தபின், ஹபீபா இத்தா இருந்து வீட்டை விட்டு வெளியே வராத மாதங்களில் ஷட்டர் இறங்கியே கிடந்தது. இப்போது சமையல்காரர் ஆரிஃப் பழையபடி மீன்தலைக் கறி வைக்கிறார். பாதி மிஞ்சிவிடுகிறது.

காரணத்தைச் சொன்னவர் ராஜசேகரன். சிங்கப்பூரில் வேலை செய்பவர். சனிக்கிழமை ஜொகூர் பாருவுக்கு வந்தால் இங்கேதான் சாப்பிடுவார்.

“அக்கா, கடை தொறந்துட்டீங்களா? மேப்புல நிரந்தரமா மூடியாச்சுன்னு போட்டிருக்கு லா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன், பார்த்தா லைட் எரியுது!”

கைப்பேசியை நீட்டினார். கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்து. மூடிய ஷட்டரைப் பார்த்த யாரோ தெரிவித்திருக்க வேண்டும்.

ஹபீபாவுக்கு வாட்ஸ்அப் தெரியும், அவ்வளவுதான். மேப்பு, மெனு எல்லாம் ஜஹாங்கீர் பார்த்துக்கொண்டவை. பக்கத்துத் தையல் கடை பிரேமலாவைக் கூப்பிட்டாள். அவளுக்கும் அரைகுறைதான். சாயங்காலம் இருவரும் காலி மேசையில் உட்கார்ந்து, யூடியூபில் ஒருவர் சொல்வதைக் கேட்டு, நிறுத்தி, மறுபடி கேட்டு ஒவ்வொன்றாக அமுக்கினார்கள். கடை திறந்திருக்கிறது என்று திருத்தம் அனுப்பினார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. சில நாள் கழித்து ‘ஏற்கப்படவில்லை’ என்று வந்தது.

“நான் உள்ளுக்குள்ள நின்னு சோறு போட்டுக்கிட்டு இருக்கேன், இந்த மேப்புக்காரனுக்கு நம்பிக்கை வரலையாம்,” என்றாள் ஹபீபா.

இன்னொரு வீடியோ பார்த்தார்கள். கடைக்காரரே பதிந்துகொண்டால் நேரடியாக மாற்றலாமாம். பதியப் போனபோது வந்த பதிலைப் பிரேமலா சத்தமாகப் படித்தாள்: “இந்தக் கடைக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். உங்கள் கோரிக்கை அவருக்கு அனுப்பப்பட்டுள்ளது. அவர் பதிலுக்கு…”

பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அவங்களுக்குத்தான் போயிருக்கு,” என்றாள் ஹபீபா. அழுகை வரவில்லை. முதுகுதான் வலித்தது.

ஜஹாங்கீரின் கைப்பேசி அலமாரியில் அவருடைய கைலிகளுக்கு நடுவே இருந்தது. மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டுவந்து சார்ஜில் போட்டாள். பூட்டைத் திறக்கும் எண் அவருடைய மோட்டார் சைக்கிள் நம்பர்; அது அவளுக்குத் தெரியும். லைன் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது. ஆனால் கடை வைஃபையை அது தானாகப் பிடித்துக்கொண்டது. டிங் டிங்கென்று செய்திகள் விழுந்தன. மீன் கொடுப்பவர், பள்ளிவாசல் குழு, ‘பாய், உடம்பு எப்படி இருக்கு?’ என்று யாரோ ஒருவர். எதையும் திறக்காமல் ஈமெயிலுக்குப் போனாள்.

‘உங்கள் கடையை நிர்வகிக்க ஹபீபா அனுமதி கேட்கிறார்.’

கீழே இரண்டு பட்டன்கள். சம்மதம், மறுப்பு.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கடையில் எதற்கும் அவள் அவரிடம் அனுமதி கேட்டதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை. வெங்காயம் வாங்குவதிலிருந்து ஆள் சேர்ப்பது வரை செய்துவிட்டுத்தான் சொல்வாள்.

“அமுக்குங்கக்கா,” என்றாள் பிரேமலா மெதுவாக.

“இரு.”

கையைத் துடைத்துக்கொண்டு, சம்மதத்தை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. ஜஹாங்கீர் உங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார் என்றிருந்தது. அதை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

சிவப்பு எழுத்து போக மேலும் இரண்டு நாளானது. அதற்குள் ஜஹாங்கீர் இணையத்தில் வைத்திருந்த மெனுவையும் கண்டுபிடித்தாள். ஒற்றை விரலால் புது விலைகளைத் தட்டினாள். அவர் மட்டுமே வைக்கும் ஆட்டுக்கால் சூப்பை எடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மேசைகள் நிறைந்தன. ராஜசேகரன் இரண்டு நண்பர்களோடு வந்திருந்தார். மூன்று மணிக்கெல்லாம் சோறு தீர்ந்துவிட்டதென்று ஆரிஃப் உள்ளிருந்து கத்தினார். ஹபீபாவுக்கு நின்று நின்று கால் வீங்கியிருந்தது. கல்லாவில் அப்போதுதான் உட்கார்ந்தாள், கைப்பேசி மறுபடி ஒலித்தது. நோன்புப் பெருநாளன்று கடை திறந்திருக்குமா என்று மேப்பு கேட்டது.

“அலமாக், இது வேறயா!” என்றாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டு கழுவ எழுந்து போனாள்.