முன் டயரின் வெளி விளிம்பு

பதினான்கே மாதத்தில் நான்கு டயரும் மொட்டை. குற்றவாளி என் மனைவிதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். நடைபாதை ஓரத்தில் உரசுகிறாள், ஸ்டியரிங்கைக் கண்டபடி ஒடிக்கிறாள் என்று அவள் அண்ணன் வீட்டிலேயே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அன்றோடு அவள் கார் சாவியைத் தொடுவதில்லை. இரண்டு மாதமாக இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வருகிறாள்.

டயர் கடைக்கு அவளையும் அழைத்துப் போனேன். என் பெருந்தன்மையை அவள் நேரில் பார்க்க வேண்டாமா?

பந்தயக் காருக்குப் போடுகிற மாதிரி, அகலமாக, ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற டயர்தான் வேண்டும் என்றேன். கடைக்காரர் அவசரப்படவில்லை. அந்த மெத்தென்ற ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஓட்டுகிற விதத்தைப் பார்த்துத்தான் டயர் சொல்வேன் என்றார். கழற்றிய முன் டயரை உருட்டி வந்து எங்கள் எதிரே கிடத்தினார்.

பக்கவாட்டில் ஒரு கீறல்கூட இல்லையாம்; எங்கேயும் உரசாத வண்டியாம். வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பினால்தான் வெளி விளிம்பு இப்படி மழுங்குமாம். ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தது, கடைசி நொடியில் பிரேக்கை ஓங்கி மிதித்த அடையாளமாம். எந்தெந்த வளைவு என்றுகூட எனக்குத் தெரியும்.

"யாரு ஓட்டுறது?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"நான்தாங்க," என்றாள் அவள்.

வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டே போகக் கூடாது என்று அவர் அவளுக்குப் பொறுமையாகப் பாடம் நடத்தினார். என் தப்புக்கெல்லாம் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் இருந்த விளம்பரத்தை எழுத்து விடாமல் படித்தேன். ஓரளவு பிடிப்பும், நல்ல உழைப்பும் உள்ள டயர் ஒன்றை அவர் அவளிடம்தான் காட்டினார். அவள் சரியென்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

மாட்டி முடிந்ததும் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"வேணாங்க. நாளைக்கு இதுவும் தேஞ்சா எம்பேருதான் அடிபடும்."

திரும்பக் கடைக்குள் போனேன். ஓட்டுவது நான்தான் என்று, காத்திருந்த இரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னேன்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சார். வண்டிய உள்ள எடுத்தப்பவே பாத்தேன். சீட்டு கடைசி வரைக்கும் பின்னால கெடக்கு. அவங்க உயரத்துக்குப் பிரேக்கே எட்டாது. அவங்களே நான்தான்னு சொல்றப்ப, நான் என்னத்தச் சொல்ல?"

வெளியே அவள் காரில் ஏறாமல் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றேன்.

"கேட்டுச்சு. அவருகிட்ட சொல்லிட்டீங்க. எங்கிட்ட?"

அவளைக் குறை சொல்ல ஒரு நாளும் வார்த்தைக்குப் பஞ்சப்படாதவன் நான். இப்போது சாவியைத்தான் மறுபடி நீட்டினேன். அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

நான்கு புது டயரோடு நின்ற காரைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு நானும் அவள் பின்னால் கடந்தேன்.