கழுத்துத் தோலுக்கு ஒரு நிதானமான ஆள்

ஆனி மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, என் கணவரின் கழுத்துத் தோல் சவரம் முடிந்த கையோடு அவரை விட்டு இறங்கி மாடியறைக்குக் குடிபோனது. தாடை விளிம்பிலிருந்து கழுத்தெலும்பு வரை, முன்பக்கம் மட்டும். பிடரித் தோல் அவரோடேயே இருந்தது. அதற்குக் கோபித்துக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை.

நான் மாடியறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கீழே வந்து, பீரோவிலிருந்து அவருக்கு ஒரு மஃப்ளர் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சுற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

அவர் பெயர் குணசீலன். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். ஆண் ஊழியர்களின் தாடை பளபளக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. மற்றவர்கள் காலையில் ஒருமுறை சவரம் செய்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். என் கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருமுறை செய்துகொண்டார். முடி கீழ்நோக்கி வளர்ந்தால் அவர் பிளேடை மேல்நோக்கி இழுப்பார். தண்ணீர் தொட மாட்டார். ஒரே பிளேடு சித்திரை முதல் ஓடிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அவர் வீரம் என்று எண்ணியிருந்தார். கல்யாணமாகி இந்தப் பத்தொன்பது வருடங்களில் அவர் காட்டிய வீரம் இது ஒன்றுதான் என்பதால் நானும் குறுக்கே பேசவில்லை.

எல்லாருடைய தோலிலும், அங்கேயே பிறந்து வளர்ந்து இறந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தாங்கள் இறந்துபோனது தெரியாது. முடி வெளியே வருகிற வாசலை அடைத்துக்கொண்டு, காற்று வாங்குவதாக நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். முடி வாசல் வரை வந்து பார்க்கும். பெரியவர்களை ஒதுங்கச் சொல்லக் கூச்சப்பட்டு, திரும்பி உள்ளேயே போய்விடும். போன இடத்தில் சுருண்டு படுக்கும். அந்த இடம் சிவந்து வீங்கும். என் கணவரின் கழுத்தில் அப்படிப் பதினேழு இடங்கள் இருந்தன. அவற்றை அவர் வயசுப் பரு என்று சொல்லிக்கொண்டார். அவருக்கு வயது நாற்பத்தேழு. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினெட்டாவது இடத்தை ஊக்கால் குத்தித் திறந்து பார்த்தார். அதன் பிறகுதான் தோல் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை, பாளையங்கோட்டையிலுள்ள தோல் குறைதீர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் போனோம். ஆவுடையம்மாள் என்ற அதிகாரி கோப்பைப் பிரித்து நிதானமாகப் படித்தார். தோல் சொரணையுள்ள வகையைச் சேர்ந்தது. இறந்தவர்களிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பும் ஒருவரை நாற்பத்தைந்து நாளுக்குள் அமர்த்த வேண்டும். அந்த ஆளுக்குத் தோலின் சம்மதம் வேண்டும். தவறினால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குத் தோல் கொடுக்கப்படும்.

ஆம்பளைத் தோலுக்கு என்னத்துக்கு இம்புட்டு சொரணை என்று என் கணவர் கேட்டார். தன் கழுத்தில் தான் என்ன செய்தாலும் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்றார்.

"உங்க கழுத்துக்கு நீங்க விருந்தாளி சார்" என்றார் ஆவுடையம்மாள். "விருந்தாளி மாதிரி நடந்துக்கோங்க."

பட்டியலில் முதல் பெயரைக் கேட்டதும் என் கணவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இசக்கிமுத்து. அதே கடையில் அவருக்குக் கீழே சேலை விரித்துக் காட்டுகிற பையன்களில் மூத்தவன், முப்பது வயது. அவன் கழுத்தில் ஒரு குறையும் கிடையாது. கைவசம் இன்னொன்று இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். ஆடி மாதம் வண்ணார்பேட்டையில் முதலாளி புதுக் கிளை திறப்பதாக இருந்தது. அதற்கு மேலாளராக இந்த இருவரில் ஒருவரைத்தான் போடுவார் என்று கடையில் பேச்சு. இரண்டு கழுத்து உள்ளவனுக்கும் ஒரு கழுத்தும் இல்லாதவருக்கும் நடுவில் முதலாளி அதிகம் யோசிக்கப் போவதில்லை.

முதல் ஆளை என் கணவரே பிடித்துக்கொண்டு வந்தார். முகம் தேய்க்கிற அக்ரூட் ஓட்டுத் தூள். வெளிநாட்டுக்காரர். பச்சை டப்பாவும் தங்கநிற மூடியுமாகக் காரில் வந்து இறங்கினார். கூடத்தில் என் கணவரின் சாய்வு நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தார். என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோலைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

தான் போன இடமெல்லாம் ஒரே நாளில் காலியாகிவிடும் என்று அக்ரூட் சொன்னார். இறந்தவர்களுக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருப்பவர்களும் உட்கார்ந்திருப்பார்களே, எப்படிப் பிரித்து அறிவீர்கள் என்று தோல் கேட்டது. அப்படிப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் தன்னிடம் இல்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். கிளம்பும்போது கை கொடுத்தார். கை கொடுத்த இடத்தில் தோலில் மூன்று கீறல். என் கணவர் அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, ஆள்னா அப்படி இருக்கணும் என்றார்.

அடுத்து வந்தவருக்கு அதிகத் தூரமில்லை. எங்கள் குளியலறை ஆணியில் தொங்குகிற பீர்க்கங்காய் நார். என் கணவரின் முதுகில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். முதுகு இதுவரை ஒரு குறை சொன்னதில்லை என்பதுதான் அவருடைய ஒரே தகுதி. முதுகு யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது, அதன் சுபாவம் அப்படி என்று தோல் பதில் சொன்னது. நார் ஒருநாளும் முழுதாக உலர்ந்ததில்லை. அவருக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாது. தோல் இதைத் தள்ளி நின்று மரியாதையாகத்தான் சொன்னது. நாருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கணவர் அவரைத் தட்டிக்கொடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

பிறகு சர்க்கரையும் காப்பித் தூளும் ஜோடியாக வந்தார்கள். கைப்பேசியில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே இவர்களைச் சிபாரிசு செய்ததை என் கணவர் ஏழு தடவை பார்த்திருந்தார். சர்க்கரை இனிக்க இனிக்கப் பேசினார். பேச்சு முடிந்ததும் எழுந்தார். அப்போதுதான் அவருக்கு எத்தனை மூலைகள் என்று தெரிந்தது. காப்பித் தூள் ஒன்றும் பேசாமல் என் தரையெல்லாம் சிந்திவிட்டுப் போனார்.

இப்படியே இருபது நாள் போயிற்று. முதலாளி இரண்டு தடவை மஃப்ளரைப் பற்றி விசாரித்தார். தொண்டை கட்டியிருப்பதாக என் கணவர் சொல்லி வைத்தார். இசக்கிமுத்து தினமும் அவர் மேஜையருகே வந்து நின்று, தோலுக்குக் காற்றோட்டமாக இருக்கிறதா, வேளாவேளைக்கு எண்ணெய் தடவுகிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனான். என் கணவர் வீட்டுக்கு வந்து தட்டை நகர்த்திவிட்டு, கழுத்து போனால் தன் மானமே போய்விடும் என்றார். அது எந்தப் பக்கமாகப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி அவர் மஃப்ளரைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார். அவருக்காகவும் யாராவது ஒரு காரியம் செய்தாக வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போய், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று தோலிடம் நேரடியாகக் கேட்டேன். இருபது நாளில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"நிதானமான ஆள் போதும்" என்றது. "தினமும் வர வேண்டாம். வாசனை வேண்டாம். வந்த வேலையை முடித்துவிட்டுப் போனால் சரி."

தெருமுனை மருந்துக் கடையில் சொல்லி வைத்தேன். வியாழக்கிழமை லாக்டிக் அமிலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐந்து சதவீதம். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, வெள்ளை மூடி, மெலிந்த உருவம். பால்வழி வந்த குடும்பம், தயிருக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். என் கணவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேய்க்கிற தெம்பு இருக்கா என்று கேட்டார்.

"எனக்குத் தேய்க்கத் தெரியாதுங்க" என்றார் லாக்டிக் அமிலம்.

பிறகு என்னதான் செய்வீர்கள் என்று தோல் கேட்டது.

"பக்கத்துல உக்காந்து பேசுவேன். ஒருத்தர் கையை ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சிட்டுதான் உக்காந்திருப்பாங்க. பேசப் பேச அந்தப் பிடி தளரும். அப்புறம் அவங்களே எந்திரிச்சிப் போயிருவாங்க."

முதலில் வாரம் ஒருநாள், பழகிய பிறகு இரண்டு நாள், அதற்கு மேல் அழைத்தாலும் வர மாட்டேன் என்றார். சவரம் செய்த அன்று வர மாட்டார். வந்துபோன பிறகு தோலுக்கு ஈரப்பதம் தருகிற களிம்பு தடவ வேண்டும், பகலில் வெளியே போனால் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் முழங்கையின் உள்மடிப்பில் ஒருநாள் தங்கிப் பார்ப்பார். அங்கே ஏதாவது சிவந்தால் யாரும் சொல்லாமலே அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

தோல் என் பக்கம் திரும்பித் தலையசைத்தது.

முழங்கை என் கணவருடையது. அதைக் கொடுக்க அவர் மிகவும் யோசித்தார். இசக்கிமுத்துவின் பெயரைச் சொன்னதும் சட்டைக் கையை மடித்தார். ஒருநாள் முழுக்க, ஆபரேஷன் முடிந்தவர் மாதிரி அந்தக் கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு முனகினார். மறுநாள் உள்மடிப்புத் தோலை விசாரித்தேன். வந்தாரா, எப்போது வந்தார் என்று அது திருப்பிக் கேட்டது.

வேலை மாடியறையில் நடந்தது. நான் கதவோரம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாக்டிக் அமிலம் முதல் வாசலில் போய் உட்கார்ந்து, வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"நாங்க போயிட்டமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "எப்ப?"

"பத்து நாளைக்கு மேல ஆச்சுங்க."

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா அப்பமே எந்திரிச்சிருப்பமே" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்களின் கையை விட்டுவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இத்தனை நாளும் பிளேடு மட்டும்தான் அவரோடு பேசியிருந்தது. அவர் போகும்போது மற்றவர்களும் வரிசையாகப் பின்னால் போனார்கள். வாசல் திறந்தது. உள்ளே சுருண்டு கிடந்த முடி கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு தலையை நீட்டி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது. யாரும் அதைப் பிடுங்கவில்லை.

மூன்று வாரத்தில் பதினெட்டு வாசலும் திறந்துவிட்டன. ஊக்கு குத்திய இடத்தில்தான் அதிக நாள் ஆயிற்று. அங்கே இருந்தவர்கள் ஊக்கால் இறந்தவர்கள், அவர்களிடம் லாக்டிக் அமிலம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் குத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தப்பட்டவர் கீழே டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தைந்தாவது நாள், தோலைத் துவைத்த துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். இசக்கிமுத்து எங்களுக்கு முன்பே வந்திருந்தான். சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு, கழுத்தில் பவுடர் போட்டுக்கொண்டு நின்றான். ஆவுடையம்மாள் தோலைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஒரு சிவப்பும் இல்லை. முடிகள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருந்தன. நிபந்தனைகள் எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். வெந்நீர் தொட்டு, சோப்பு நுரை வைத்து, முடி வளர்கிற திசையில், நல்ல பிளேடால், ஒருநாளைக்கு ஒருமுறை. ஊக்கு கூடாது. என் கணவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் சேலைகளைத் தவிர எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சட்டப்படி எல்லாம் சரி, ஆனாலும் தோலுக்கு இஷ்டமில்லாவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றார் ஆவுடையம்மாள்.

தோல் இசக்கிமுத்துவின் கழுத்தைப் பார்த்தது. நல்ல கழுத்து. பிறகு என் கணவரைப் பார்த்தது. அவர் மஃப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் நின்றார். நாற்பத்தைந்து நாளில் எனக்கு அந்தத் தோல் மேல் பாசம் வந்திருந்தது. அவரிடம் திரும்பிப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காது. நான் சொல்லவில்லை.

"அவனுக்கு இருக்கிறதே சும்மா கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தோல் என் கணவரின் மேல் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தது. இசக்கிமுத்து பொத்தானைப் போட்டுக்கொண்டு, தனக்கு அவசரமில்லை, பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

ஆடி மாதம் வண்ணார்பேட்டைக் கிளைக்கு என் கணவர் மேலாளரானார். அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பத்துப் பேர் பந்தியில் உட்கார்ந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார். லாக்டிக் அமிலத்தைத் தெருமுனையில் தானே கண்டுபிடித்ததைச் சொன்னார். அக்ரூட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே முரடன் என்று தான் எடை போட்டதைச் சொன்னார். தோலைப் பக்குவமாக வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அதற்கெல்லாம் பொறுமை வேண்டும் என்றார். அப்பளம் போட்டபோது முதல் தடவை சொல்லி முடித்திருந்தார். பாயசத்துக்கு நான் கரண்டியை எடுத்தபோது மூன்றாவது தடவை ஆரம்பித்தார்.

என் காதுகள் இரண்டும் தோடுகளைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றன. நான் கையைக் கழுவிவிட்டுத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். இடது காதுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. அதற்கு முகர்ந்துகொண்டே போக ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். இரண்டும் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். என் கணவர் என்னைக் காட்டி எல்லாரிடமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பாயசத்தைப் பரிமாறினேன்.