நோர்மானின் கோட்டுப் பை

வாடகையிலேயே சூடும் மின்சாரமும் அடக்கம் என்றால், மொன்ரியலில் ஜனவரியில்கூட ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறவர்கள் உண்டு. லுசெட்டின் வாடகையிலும் அடக்கம்தான்; ஆனால் வீடு சூடாவதே இல்லை. அவளும் கணவன் நோர்மானும் வீட்டுக்குள் ஸ்வெட்டரோடுதான் வாழ்ந்தார்கள்.

நோர்மான் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இறந்தார். அதிலிருந்து வீடு கதகதவென்று இருந்தது. ஏன் என்று லுசெட்டுக்கும் விளங்கவில்லை.

பிப்ரவரியில் கீழ்வீட்டுக்காரி மதாம் பூலியோ மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். கட்டடமே அவளுடையது.

"ஒரு ஆள் குறைஞ்ச வீட்டுல, சூடாக்குற எண்ணெய்ச் செலவு ஏறுது. யாரை உள்ள வச்சிருக்க?"

"தேடிப் பாருங்க. கட்டிலுக்கு அடியில குனிய முடிஞ்சா."

மதாம் குளியலறைத் திரையை உண்மையாகவே விலக்கிப் பார்த்தாள். "சொல்லிட்டேன் லுசெட். இப்படியே போச்சுன்னா ஜூலையில ஒப்பந்தம் முடிஞ்சதும் நீ வேற வீடு பாத்துக்கணும்."

முப்பது வருட வீடு. ஆனாலும் அதைவிட ஒரு கேள்விதான் லுசெட்டைக் குடைந்தது: இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

இருவருமாகச் சோபாவை நகர்த்தினார்கள். பின்னாலிருந்த ஹீட்டர் தொட முடியாமல் கொதித்தது. அதன் குழாயில் சூட்டைத் திறந்து மூடும் திருகுப்பிடி இல்லை. மொட்டைத் தண்டு மட்டும்.

பித்தளையில் ஏதோ ஒன்றைப் பார்த்தோமே என்று லுசெட்டுக்குத் தோன்றியது. நோர்மானின் கோட்டுப் பையில் கிடந்ததை ஏதோ கதவுக் குமிழ் என்று விட்டிருந்தாள். எடுத்து வந்து வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

மதாம் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"சூடு வரலைன்னு வருஷாவருஷம் என்கிட்ட சண்டைக்கு வருவியே. குழாய்க்காரனைக் கூட்டிட்டு வந்தா வீடு வெதுவெதுன்னு இருக்கும். உன் புருஷன் அவனுக்குக் காப்பி வேற போட்டுக் கொடுப்பாரு."

"விருந்தாளி வந்தாலும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்குத் திறந்தவர், மூடுறதுக்குள்ள போயிட்டாரு."

"வாடகையில அடக்கம்தானே? எதுக்கு மூடினாரு?"

"அடுத்தவங்க எண்ணெயை எரிச்சுக் காயக் கூடாதும்பாரு. என்கிட்ட சொன்னா நான் திறந்துடுவேன்னு பிடியையே கழட்டி வச்சுக்கிட்டாரு, கள்ளன்."

மதாம் வெகுநேரம் சிரித்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜூலையெல்லாம் மறந்துடு."

"முழுசா மூடிடட்டுமா?"

"பாதி மூடு. மீதி என் பொறுப்பு."

லுசெட் பாதி திருகினாள். மதாம் படியிறங்கும் வரை காத்திருந்தவள், பிடியைக் கழற்றித் தன் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள்.