முப்பத்திரண்டாவது வால்வு

ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு வடிவாம்பாள் நகரில் ஒரு தெரு கூடுதலாக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் வரை முப்பத்தொரு தெரு, விடிந்தபோது முப்பத்திரண்டு. அதைப் புதுத் தெரு என்று சொல்வதும் சரியில்லை. அங்கிருந்த பத்தொன்பது வீடுகளுக்கும் குறைந்தது பதினைந்து வயது இருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்களில் பாசி படிந்து காய்ந்திருந்தது. மூன்றாம் வீட்டு முருங்கை அடுத்த வீட்டுப் பக்கம் சாய்ந்து, கிளையை யார் வெட்டுவது என்பதில் இரண்டு வீட்டுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தெருமுனை விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மனு மஞ்சளாகிக் கிடந்தது. ஊர் முழுக்க இதற்காகத் திகைத்து நின்றவன் ஒருவன்தான், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ராமராஜன்.

காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகும் வழியில் இருக்கிறது வடிவாம்பாள் நகர். மனை போட்டவர் தன் அம்மாவின் பெயரை வைத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ராமராஜன் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்பதே தெரு. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தெருவும் அவன் கண்ணுக்கு முன்னால்தான் வந்தது. முதலில் கல் நடுவார்கள், பிறகு செம்மண் லாரி வரும், பிறகு போர் போடும் வண்டி வந்து மூன்று நாள் ஊரைத் தூங்கவிடாது. ஒரகடம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிக்கும் சேர்த்து இடம் பற்றாதவர்கள் வந்தார்கள். சென்னையில் வாடகை கொடுத்து ஓய்ந்தவர்கள் வந்தார்கள். ஒடிசாக்காரர்கள் ஒரு ரூமுக்கு ஆறு பேராக வந்தார்கள். யார் வந்தாலும் ஆளுக்கு முன்னால் செங்கல் வந்துவிடும். இந்தத் தெரு செங்கல் வராமல் வந்திருந்தது. திங்கட்கிழமை அந்த இடத்தில் கோரைப் புல்லையும் இரண்டு எருமைகளையும் பார்த்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. எருமைகளில் ஒன்று அவனைப் பார்த்துத் தும்மியதுகூட.

வால்வு திறக்கும் நீள இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போனான். குடங்களோடு நின்ற பெண்கள் ஏன் லேட்டு என்று கேட்டார்கள். நீங்களெல்லாம் எப்போது வந்தீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதும் சிரித்தார்கள். தெருமுனையில் இரும்பு மூடி போட்ட ஒரு குழி இருந்தது. மூடியில் நீலப் பெயின்டில் 32 என்று எழுதியிருந்தது. மூன்றின் கீழ்வளைவைத் தட்டையாக இழுப்பது ராமராஜனின் பழக்கம். அந்த மூன்றும் அப்படித்தான் இருந்தது. அவன் மூடியைத் தூக்காமல் திரும்பி நடந்தான். அப்போது ஏழாம் வீட்டிலிருந்து மஞ்சள் நைட்டியும் மேலே துண்டுமாக ஒரு பெண் ஓடிவந்தாள். முப்பது வயது இருக்கும்.

"இன்னாண்ணா, தொறக்காம போற? நாலு மணிலேர்ந்து குடத்த வெச்சுக்கினு நிக்கிறோம்."

"நீ யாரும்மா?" என்றான் ராமராஜன்.

"காலங்காத்தால வெளையாட்டப் பாரு. அம்மாவுக்குக் கால்வலி மாத்திரை வாங்கிக் குடுத்தியா, இல்லியா?"

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை என்பதைக் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டுகொண்டதும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

ராமராஜன் தன் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அப்படித்தான் முப்பத்தெட்டு வருஷமாக நினைத்திருந்தான். அப்பா ராஜவேலு நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அம்மா மரியம்மாள் அவனோடும் அவன் மனைவி கிருஷ்ணவேணியோடும் இருக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், எனக்குத் தங்கச்சி யாராவது உண்டா என்று சாதாரணமாகக் கேட்டான். அவள் கையிலிருந்த விசிறியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏன்டா, புத்தி கித்தி பெரண்டுச்சா? ஒம்பது வயசுல அவள இடுப்புல வெச்சுக்கினு ஊரெல்லாம் சுத்தினவன்டா நீ. லில்லி காதுல வுழுந்தா செத்துப்போவா."

பிரசவம் பார்த்த நர்ஸின் பெயரைத்தான் பெண்ணுக்கு வைத்தார்களாம். கிருஷ்ணவேணி சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அதில் ராமராஜனுக்கு வலப்பக்கம் பச்சைச் சேலையில் அந்தப் பெண் நின்றாள். அவன் கை அவள் தோளில் இருந்தது. தினமும் தலை சீவும்போது பார்க்கிற போட்டோ. அங்கே ஒரு சிவப்புத் திரைச்சீலைதான் தொங்கும் என்று அவன் சத்தியம் செய்வான். போனை எடுத்துப் பார்த்தான். 'லில்லி பாப்பா' என்று ஒரு எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணோடு பதினாலு நிமிஷம் பேசியிருந்தான். என்ன பேசினோம் என்று யோசித்து யோசித்து அவனுக்குத் தலை வலித்தது. ஊராட்சிக் கிளார்க் வீட்டுவரிப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். பத்தொன்பது வீடும் ஒழுங்காக வரி கட்டியிருந்தன. பெரியாஸ்பத்திரி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் மனை ஏதாவது விலைக்கு இருக்கிறதா என்று விசாரித்தார்.

ஊரில் எத்தனை தெரு என்று விரல் விட்டுச் சொல்லவேண்டிய வேலை ராமராஜன் ஒருவனுக்குத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு அவரவர் தெரு இருந்தால் போதும். அதனால்தான் தனக்கு மட்டும் தெரிகிறதோ என்று சில சமயம் நினைத்தான். தனக்கு மட்டும்தான் தெரியவில்லையோ என்றும் நினைத்தான். இரண்டில் எது என்று பிடிபடாததால் வால்வைத் தொடாமல் இருந்தான். திறந்தால் அந்தத் தெரு உண்டு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் என்று பதினோரு நாள் போயிற்று. முப்பத்திரண்டாம் தெருக்காரர்கள் கேன் தண்ணீர் வாங்கினார்கள், பக்கத்துத் தெருக்களில் குடம் பிடித்தார்கள், அவன் சைக்கிளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஊர் அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிட்டது. ராஜவேலு அந்த வயல்களில் கூலி வேலை செய்து, கடைசிக் காலத்தில் எட்டு சென்ட் இடம் வாங்கிப் போட்டிருந்தார். மரியம்மாள் தன் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சாலையை அகலப்படுத்தியபிறகு அந்த எட்டு சென்ட்டைச் சுற்றி கார்கள் நின்று நின்று போயின. தங்கச்சிக்குப் பங்கு கொடுக்க மனசில்லாமல் தங்கச்சியே இல்லை என்கிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு குடம் தண்ணீருக்குக் கை நீட்டாத மனுஷன் இப்படி ஆகிவிட்டானே என்றும் சொன்னார்கள். நிலத் தரகர் குமரகுரு பைக்கை நிறுத்தி, அவன் தோளில் கை போட்டு மரத்தடிக்கு அழைத்துப்போனார்.

"ராமு, நேரா பேசுவோம்பா. தங்கச்சி இல்லன்னு சொல்லிட்டா பங்கு போயிடுமா? வாரிசு சர்டிபிகேட்ல பேரு இருக்குதே."

"எனக்கு நெலமே வேணாம் சார். அவங்க யாருன்னு தெரியலன்னுதான் சொல்றேன்."

"அட, கோர்ட்டுல வக்கீலு சொல்ற மாதிரியே சொல்றியேப்பா" என்று குமரகுரு மெச்சிவிட்டுப் போனார்.

ராமராஜனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்பட்டவன் என்று ஒரு பேச்சு அவன் குடும்பத்தின் மேல் வந்ததே கிடையாது. அதுவும் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்தியின் சொத்துக்கு.

பன்னிரண்டாம் நாள் லில்லி தொட்டிக்கு வந்தாள். அவன் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்திருந்தான். அவள் ஒரு பிளாஸ்டிக் உறையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"நெலம் வேணும்னா நீயே வெச்சுக்கண்ணா. என் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக்கினு வந்துட்டேன். கையெழுத்து போட்டாச்சு, பதிவு பண்றதுதான் பாக்கி. எங்க வூட்டுக்காரு கத்தினாரு, கத்தட்டும். என்னத் தெரியாதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. கடைல அரிசி வாங்கப் போனா, ராமு தங்கச்சின்னு சொல்லிக்கிறியே, நெசந்தானான்னு கேக்குறாங்க."

அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. போய்விட்டாள். அவன் தாளை எடுத்து மூன்று தடவை படித்தான். 'எனது உடன்பிறந்த அண்ணன் ராமராஜன் அவர்களுக்கு நான் மனமுவந்து' என்று ஆரம்பித்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டால் நிலம் முழுவதும் அவனுடையது. ஆனால் தங்கச்சி விட்டுக்கொடுத்ததாகத்தான் அவனுடையது. தங்கச்சியே இல்லையென்றால் இந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லை, நிலம் ஏற்கெனவே அவனுடையது. எந்த வழியில் யோசித்தாலும் முட்டுச்சந்தில் வந்து நின்றான். ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. யாரோ ஒரு பொம்பளை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் இருப்பதற்காகத் தனக்கிருந்த நாலு சென்ட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். தொட்டி நிரம்பி மேலே வழிந்து அவன் தலையில் கொட்டியபிறகுதான் எழுந்து மோட்டாரை நிறுத்தினான்.

ஈரச் சட்டையோடு முப்பத்திரண்டாம் தெரு ஏழாம் வீட்டுக்குப் போனான். உள்ளே கால் வைத்ததும் ஏதாவது நினைவு வரும் என்று எதிர்பார்த்தான். வாசற்படி வழக்கத்தைவிட உயரம், தெரியாத ஆள் மாதிரி தடுக்கிக்கொண்டான். கூடத்தில் ராஜவேலுவின் படம் மாலையோடு இருந்தது, அவன் வீட்டில் இருக்கிற அதே படம். பின்கட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒரு அன்னக்கூடையில் உட்கார்ந்து, கேன் தண்ணீரை டம்ளரில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது. பாதி சோப்பு முதுகிலேயே காய்ந்துவிட்டிருந்தது. அதன் பெயர் சிம்ரன் என்று கிருஷ்ணவேணி சொல்லியிருந்தாள்.

"மாமா, தண்ணி கொண்ணாந்தியா?" என்று கேட்டது குழந்தை.

லில்லி சமையல்கட்டிலிருந்து வந்தாள். அவன் உறையை நீட்டினான்.

"இது வேணாம்."

"அப்ப நான் யாரு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "தெரியல லில்லி" என்றான். "ஞாபகத்துக்கு வரல. இனிமே வரும்னும் தோணல. ஆனா தண்ணி வுடுறேன்."

அவள் உறையை வாங்கவில்லை. அவன் அதை டிவி மேல் வைத்துவிட்டு வெளியே வந்து, மூடியைத் தூக்கி, சாவியைச் செருகித் திருப்பினான். வால்வு தினமும் திறந்து பழகியது போல எண்ணெய்ப் பதத்தில் சுழன்றது. குழாய்களில் முதலில் காற்று சீறியது, பிறகு துரு, பிறகு தண்ணீர். மற்ற தெருக்களுக்குத் தண்ணீர் விடும் நேரத்தில் தெருவுக்கு ஒரு நிமிஷம் குறைத்தான். எந்தத் தெருவும் அதைக் கவனிக்கவில்லை.

ஆடி மாதம் முப்பத்துமூன்றாம் தெரு வந்தது. அதில் ஒரு சர்ச்சும் இரண்டு தையல் கடையும் இருந்தன. ஆடிப் பதினெட்டு கழித்து முப்பத்துநாலு வந்தது. விடியுமுன் பெயின்ட் டப்பாவோடு போனால் மூடியில் எண் ஏற்கெனவே எழுதியிருக்கும், மூன்று தட்டையாக. முப்பத்துநாலாம் தெருவில் ராமராஜனின் தாத்தா மூக்கை அப்படியே வைத்திருந்த ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து கையசைத்தார். யாரென்று கேட்கத் தைரியமில்லாமல் இவனும் கையசைத்தான். இரண்டாவது தொட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். யாருக்கு என்று எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'பொதுமக்களுக்கு' என்று போட்டான்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் கோயிலில் சிம்ரனுக்குக் காது குத்தல் வைத்தார்கள். லில்லி அவனைக் கூப்பிடவில்லை. தாய்மாமன் என்று நினைத்தால் அவனாகவே வரட்டும் என்று இருந்துவிட்டாள். கிருஷ்ணவேணி தான் வேலை செய்கிற பட்டுக்கடையில் குழந்தைக்கு ஊதா நிறப் பாவாடைத் துணி எடுத்து, தைத்தும் வைத்திருந்தாள். போகிறோமா என்று அவள் கேட்கவில்லை. தட்டில் பழம், வெற்றிலை, பாவாடை எல்லாம் அடுக்கி அவன் கையில் கொடுத்தாள். கோயிலில் எழுபது பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேரை ராமராஜனுக்குத் தெரியாது, எல்லோரும் அவனைப் பேர் சொல்லி விசாரித்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார்கள். நல்ல கனம். சந்தனம் அவன் புதுச் சட்டையெல்லாம் ஒட்டியது. ஆசாரி முதல் காதைக் குத்தியபோது குழந்தை வீறிட்டது, இரண்டாவது காதுக்கு அவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. வலியில் அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. வாழைப்பழம் காட்டினார்கள், போன் காட்டினார்கள், ஒன்றும் எடுபடவில்லை. ராமராஜனுக்கு வேறு வழி தெரியவில்லை. "உங்கம்மா உன்ன மாதிரி சின்னதா இருக்கும்போது இன்னா ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டான். ஆரம்பித்தபிறகுதான் சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. குழந்தை விசும்பலை நிறுத்தி அவன் வாயைப் பார்த்தது. "இஸ்கூல்லேர்ந்து நானும் உங்கம்மாவும் வந்துக்கினு இருக்குறோம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். "அவ நோட்டுப் புத்தகத்த ஒரு நாயி கவ்விக்கினு ஓடுது. நான் பின்னாலியே ஓடுறேன், ஏரிக்கரை வரிக்கும்."

"நாயி இல்லண்ணா" என்றாள் லில்லி. காது குத்திய இடத்தில் மஞ்சள் வைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. "ஆடு. ஒரு கொம்பு ஒடஞ்ச ஆடு. பாதி நோட்டத் தின்னுடுச்சு."

ராமராஜன் அவளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். ஆமாம், ஆடுதான் என்று மரியம்மாள் தலையாட்டினாள்.

"சரி, ஆடு" என்று சொல்லிவிட்டு, குழந்தையை மடியில் நன்றாக ஏற்றி வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.