குதிகாலில் ஒரு கரிப்பொட்டு

1

இந்தக் கதை என் காலிலிருந்து பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் நிலக்கரி சேர்த்துவைக்கும் கரிக்கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் இதையேதான் சொல்லும். கப்பலிலிருந்து தோணியில் வரும் நிலக்கரியைக் கூடையில் சுமந்து கிட்டங்கியில் தட்டுகிற பெண்களில் இசக்கித்தாய் என்று ஒருத்தி இருந்தாள். வேலை விட்டு வந்ததும் தெருவில் திரிகிற பிள்ளை ஒன்றைப் பிடித்து உட்கார வைப்பாள். தன் பங்குத் தண்ணீரை ஊற்றித் தேங்காய் நாரால் காலைத் தேய்ப்பாள். பிறகு குதிகாலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு விட்டுவிடுவாள்.

எனக்கு மூன்று வயதோ நாலோ இருக்கும். பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்திருக்கிறேன். கழுவியது நினைவில்லை. விட்டது நினைவிருக்கிறது. சந்தையில் ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பார்த்து, இது வேண்டாம் என்று திரும்பவும் குவியலில் போடுவோமே, அப்படி.

ஏன் கழுவினாள் என்பதை என் அம்மா பின்னாளில் இரண்டு மூன்று வாக்கியத்தில் சொன்னாள். மற்றதெல்லாம் நான் சேர்ப்பது. எது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மட்டுக்கு என்னை நம்பலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "முத்து விளையும் அந்த நீலக் கடலின் ஓரத்தில், அலைகளைப் பார்த்தபடி ஒரு தாய்..."

அடித்துவிட்டேன். இசக்கித்தாய் கடலைப் பார்த்திருக்க மாட்டாள். தோணிக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் தலைச்சுமையோடு நடக்கிறவளுக்குக் கண் பலகையில்தான் இருக்கும். கடலைப் பார்க்கிறவர்கள் சுமை இல்லாதவர்கள்.

இரண்டாவது தொடக்கம்: "பேச்சித்தாய் செத்தது வாந்திபேதியில்." இது நிற்கட்டும்.

சண்டைக் காலம். 1944. பேச்சித்தாய் இசக்கித்தாயின் ஒரே பிள்ளை, அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள். அப்பன் சங்கரலிங்கம் தோணி ஆளாகக் கொழும்புக்குப் போனவன். பிள்ளை தவழும்போது போனான், திரும்பவில்லை. அங்கே ஒரு குடும்பம் என்று கேள்வி. காலையில் வயிற்றைப் பிடித்த பிள்ளை மதியத்துக்குள் முடிந்துபோனது. சாயங்காலம் முனிசிபாலிட்டி ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். மூக்கைத் துணியால் கட்டியிருந்தார்கள். "சீக்கிரம் தாயி, இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார்கள்.

இசக்கித்தாய் பிறந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் ஊர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சின்னப் பிள்ளை செத்தால், குழிக்குக் கொண்டுபோகுமுன் பெற்றவள் சட்டிக்கரியை எண்ணெயில் குழைத்துக் குதிகாலில் ஒரு பொட்டு வைப்பாள். அந்த உயிர் மறுபடி பிறக்கும்போது அந்த இடத்தில் மச்சம் இருக்கும். அதை வைத்துத் தாய் கண்டுகொள்வாள். அவள் வீட்டில் அன்று அடுப்பே எரியவில்லை, சட்டியும் கழுவிக் கிடந்தது. தரையில் கிடந்த நிலக்கரித் துணுக்கைப் பொடித்து எண்ணெயில் குழைத்தாள். பேச்சியின் இடது குதிகாலில் வைத்தாள்.

(முதல் பிரதியில் இடது என்றும் இரண்டாவது பிரதியில் வலது என்றும் எழுதியிருக்கிறேன். இப்போதுதான் கண்ணில் பட்டது. பிறகு திருத்துகிறேன்.)

3

அவள் கணக்கு எளிது. போன உயிர் பெற்றவள் வயிற்றுக்குத்தான் திரும்பி வரும். ஆனால் சங்கரலிங்கம் கொழும்பில் இருக்கிறான். இந்த வயிற்றுக்கு வழி அடைத்துவிட்டது. அப்படியானால் பக்கத்தில் எந்த வயிறு திறந்திருக்கிறதோ அங்கே நுழையும். ஓடப் பழகிய பிள்ளைக்கு இந்தத் தெருதானே தெரியும்? இந்தத் தெருவைத் தாண்டிப் போகாது.

வாசகர் ஒருவர் கேட்பார்: பிறந்த உடனே போய்க் குதிகாலைப் பார்த்துவிட வேண்டியதுதானே? கேட்கிறவர் லைன் வீட்டில் இருந்ததில்லை. பிள்ளையைச் சாவுக்குத் தூக்கிக் கொடுத்தவளைப் பிரசவ வீட்டு வாசல்படி ஏற விடமாட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்லாமல் கதவைச் சாத்துவார்கள். ஆகையால் பிள்ளைகள் தாமாக நடந்து தெருவுக்கு வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும்.

நடந்து தெருவுக்கு வந்த பிள்ளைக்கு என்ன ஆகும்? கால் கரியாகும். எங்கள் தெருவில் மண்ணே கறுப்பு. காற்றடித்தால் சோற்றில் கரி. எச்சில் துப்பினால் கரி. அவள் ஊரில் கரிப்பொட்டு ஒரு அடையாளம். இங்கே அத்தனை பிள்ளைக்கும் குதிகால் முழுக்கப் பொட்டு.

ஆகையால் கழுவினாள்.

குழாயடியில் சும்மா விடுவார்களா?

"குடிக்கத் தண்ணியக் காணோம், இவ ஊர்க்காலு கழுவுதாளாம்."

"என் குடம், என் தண்ணி. நான் குளிக்காம ஊத்துதேன். உனக்கு என்ன, நாறுதா?"

"நாறத்தான்ளா செய்யுது."

"அப்ப தள்ளி நில்லு."

4

ஆறுமுகநயினார் என்ற காப்பிக்கடைக்காரரை நான்தான் உண்டாக்கினேன். அம்மா சொன்னதில் அவர் இல்லை. மறுபக்கத்தைப் பேச ஒரு வாய் தேவைப்பட்டது. கடற்கரைச் சாலையில் ஒரு கொட்டகை போட்டு, நெற்றி நிறைய நீறு பூசி உட்கார வைத்தேன். அவர் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வடை நன்றாகப் போடுவார்.

"ஏளா இசக்கி, உன் மக எங்கயும் போகல. ஆத்மா ஒண்ணுதான். உனக்குள்ள இருக்கதும் எனக்குள்ள இருக்கதும் அந்தா உக்காந்திருக்க காக்காக்குள்ள இருக்கதும் அதுதான். எந்தப் பிள்ளையத் தூக்கினாலும் அது உன் பிள்ளைதான். ஒவ்வொண்ணா எதுக்குக் காலத் திருப்பித் திருப்பிப் பாக்க?"

"அப்படியா அண்ணாச்சி?" இசக்கித்தாய் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். "அப்ப இத நீங்கதான திங்கியோ?"

கடையில் இருந்த தோணிக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஆத்மா வேற, வடை வேறளா. வைளா கீழ."

"கடிச்சிட்டேனே அண்ணாச்சி." அவள் சிரிக்கவில்லை. "கடலு ஒண்ணுதான். சங்கு குளிக்கவன் எல்லாம் அதுக்குள்ளதான் முங்குதான். ஆனா மூச்சு முட்டும்போது அவனவன் மூச்சுதான முட்டுது?"

(இந்தக் கடைசிப் பேச்சு என் மேசையில் எழுதியது. பகல் முழுக்கக் கரி சுமந்தவள் இவ்வளவு அழகாகப் பேசமாட்டாள். உண்மையில் பேசியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்: "எனக்கு அவதான் வேணும் அண்ணாச்சி." நான் எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.)

அண்ணாச்சி சொன்னதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே உயிர் என்பது கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தால் நடுக்கம் வருகிறது. தேடுகிறவளும் அதுதான், தேடப்படுகிறவளும் அதுதான் என்றால், உலகத்தில் இருப்பது மொத்தமே ஒரே ஒருத்தி. கூப்பிட ஆளில்லை, வர ஆளில்லை. அதைவிடவா ஒரு தனிமை? ஒவ்வொரு உயிரும் தனித்தனியே போய்த் தனித்தனியே திரும்பும் என்றால், அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ என்று இருட்டில் துழாவ வேண்டியிருக்கிறது. ஆனால் துழாவவாவது ஒன்று இருக்கிறது. இசக்கித்தாய் இதை எடுத்துக்கொண்டாள். அறிவால் அல்ல. சாயங்காலம் வீட்டுக்குள் போனால் செய்ய வேறு ஒன்றும் இல்லாததால்.

5

கரிக்கூடையை யாரும் தனியாகத் தலையில் ஏற்ற முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி குனிந்து பிடிக்க, மற்றவள் எதிரே நின்று தூக்கிவிட வேண்டும். தூக்கிவிடுகிறவள் முகம் ஒரு கணம் மிகக் கிட்டத்தில் தெரியும். இசக்கித்தாய்க்குத் தூக்கிவிடுகிறவள் ஜெபசெல்வி. அண்டை வீடு, கிறிஸ்தவ வேதக்காரி, வாய் நீளம். அவள் மகள் ஞானதீபம், பேச்சி செத்த மறு வருஷம் பிறந்தவள். தெருவில் நடக்கிற பிள்ளைகளில் இசக்கித்தாய் கழுவாத கால் அது ஒன்றுதான்.

ஏன் மிச்சம் வைத்தாள்? அதிலும் இல்லை என்றால் அப்புறம் எங்கே போவது என்ற பயம். (இது என் ஊகம். ஆனால் உறுதியான ஊகம்.)

ஒரு நாள் கூடையைத் தூக்கிவிட்டபடியே ஜெபசெல்வி கேட்டாள்: "ஏளா, ஊர்ப் பிள்ளைய காலெல்லாம் கழுவுத. என் பிள்ளை காலு மட்டும் என்ன, மீனு நாத்தமா அடிக்கி?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். இசக்கித்தாய் விளையாட்டாகப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உள்ளதைச் சொல்லிவிட்டாள். கரிப்பொட்டு, மச்சம், எல்லாம்.

ஜெபசெல்வி கூடையிலிருந்து கையை எடுத்தாள். "வேதக்கோயில் ஐயரு தலையில தண்ணி ஊத்தி, பேரு சொல்லிக் கூப்பிட்டாச்சு. அவ ஞானதீபம். எங்களுக்கு ஒரு பிறப்பு, ஒரு சாவு, அதோட ஆண்டவர்கிட்டதான். என் பிள்ளைக்குள்ள வேற ஆரும் குடியிருக்கல."

"ஒரே தடவ பாத்துட்டு விட்டுருதேன் செல்வி."

"இருந்தா விட்டுருவியா?"

இசக்கித்தாய் தலைக்கூடையைப் பிடித்தபடி பலகைப் பக்கம் திரும்பினாள்.

மறுநாள் ஜெபசெல்வி வேறொருத்திக்குத் தூக்கிவிடப் போய்விட்டாள். இசக்கித்தாய் நிறைந்த கூடைக்கு எதிரே நின்றாள். மற்றவர்கள் சோடி சோடியாகக் குனிந்து நிமிர்ந்து போனார்கள். கடைசியில் பாதிக் கரியைக் கொட்டிவிட்டு, தானே தூக்கிக்கொள்ளும் அளவுக்குக் குறைத்துக்கொண்டாள். "என்னளா, சாமிக்குப் பூவா கொண்டு போற?" என்று மேஸ்திரி கத்தினான். அந்த வாரம் முழுக்க அரைக்கூடைதான். ஒருவர் முகமும் அவள் முகத்துக்குக் கிட்டே வரவில்லை. சாயங்காலம் யார் காலையும் அவள் கழுவவும் இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்த ஜெபசெல்வி தன் வீட்டைத் தாண்டி நடந்து இசக்கித்தாய் வாசலில் நின்றாள். இடுப்பில் ஞானதீபம், வெள்ளைக் கவுன் போட்டு. காலிலே கரி.

(ஏன் வந்தாள்? பிரசங்கம் கேட்டு மனம் இளகினாள் என்று ஒரு பிரதியில் எழுதினேன். பொய். அரைக்கூடையோடு ஒருத்தி தனியாகப் பலகையில் நடப்பதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தது தாங்கவில்லை. அவ்வளவுதான்.)

பிள்ளையை இறக்கி வாசல் கல்லில் உட்கார வைத்தாள்.

"கழுவு."

இசக்கித்தாய் அசையவில்லை.

"கழுவுளா. இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. ஆனா அந்தியில நான் இவளத் தூக்கிட்டுப் போயிருவேன். என் பிள்ள. கேட்டியா?"

"கேட்டேன்."

"எந்தக் காலுளா?"

இசக்கித்தாய் பிள்ளையின் ஒரு காலைத் தொட்டாள். பிறகு மற்றதை. வாசலில் நின்ற ஆட்களின் இருமல் நினைவிருந்தது. விரல் வழியே எண்ணெய் மணிக்கட்டுக்கு ஓடியது நினைவிருந்தது. கைக்குள் அடங்கிய குதிகாலின் குளிர்ச்சி அப்படியே இருந்தது. இடதா வலதா என்பது மட்டும் நினைவில் இல்லை. இத்தனை நாள் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு காலையும் கழுவியதால் அவளுக்கே அது தெரியாமல் இருந்திருக்கிறது.

(பிறகு திருத்துகிறேன் என்று சொல்லியிருந்தேன். திருத்த முடியவில்லை. கேட்க அம்மாவும் இப்போது இல்லை.)

"தெரியலயே செல்வி," என்றாள். "என் பிள்ளைக்கு நான்தான் வச்சேன். எந்தக் காலுன்னு தெரியலயே." அதுவரை அழாதவள் அங்கேதான் அழுதாள்.

ஜெபசெல்வி அவளைத் தேற்றவில்லை. குடத்தை எடுத்துச் சரித்தாள். "ரெண்டையும் கழுவு. ரெண்டும் அவ காலுதான்."

7

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: மச்சம் இருந்தது. இருந்தால் அந்தியில் ஜெபசெல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபின் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் அந்தச் சிரிப்பை இசக்கித்தாய் தினமும் கேட்க வேண்டும். என்னால் எழுத முடியவில்லை.

இரண்டு: இல்லை. அப்படியானால்...

மூன்று: கழுவக் கழுவ, எல்லாக் காலும் ஒரே கால்தான், எல்லா உயிரும் ஒரே உயிர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. இதை எழுதினால் கைதட்டுவார்கள். ஆறுமுகநயினார் அண்ணாச்சி ஒரு வடை இனாமாகவே தருவார். ஆனால் அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என் காலை அப்படி விட்டிருக்க மாட்டாள்.

ஆம், அதையும் சொல்ல வேண்டும். ஞானதீபத்தின் கால் கழுவப்பட்ட நாளில் நான் கைப்பிள்ளை. என் கால் கழுவப்பட்டது அதற்குப் பிந்தி. அதாவது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அவள் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். காணாததால் மேலும் தேடினாள் என்று எடுத்துக்கொள்ளலாம். கண்டுவிட்டாள், வைத்துக்கொள்ள முடியாது, அந்தக் கைகளுக்கு வேறு வேலை தெரியவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை அவள் தலையில் முழுக்கூடை ஏறியது, எதிரே நின்று தூக்கியது ஜெபசெல்வி. இது அம்மா சொன்னது. இதற்கு மேல் அம்மா சொல்லவில்லை.

ஆகவே அந்த வாசலிலேயே நிறுத்துகிறேன். கழுவியாயிற்று. ஞானதீபத்தின் இரண்டு குதிகாலும் ஈரத்தோடு இசக்கித்தாயின் உள்ளங்கையில் இருக்கின்றன. இன்னும் திருப்பவில்லை. ஜெபசெல்வி காலிக் குடத்தோடு நிற்கிறாள். பிள்ளை கூச்சத்தில் சிரிக்கிறது. திருப்பிப் பார்த்துவிட்டால் காலைக் கீழே வைத்தாக வேண்டும். கீழே எங்கே பார்த்தாலும் கரி.

கழுவிய காலை வைக்க ஒரு இடம் தெரிந்தால் சொல்லுங்கள். அதுவரை அவள் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.