நாய் பேசிய போன்

சலூன்காரரின் போனில் எதையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. கம்பெனிக்காரன் சரி என்று ஒப்புக்கொண்ட ஆப்பை மட்டும்தான் உள்ளே விடும். கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்குகிற கை அவருடையது என்பதால் மனைவி தேடித்தேடி வாங்கிக் கொடுத்த போன் அது.

மனைவியின் தம்பி பிளம்பர். அவன் போனிலோ யார் வேண்டுமானாலும் நுழையலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான்.

"மாமா, நாய் குரைச்சா அர்த்தம் சொல்ற ஆப்! உங்க போன்ல கிடைக்கவே கிடைக்காது. ஏதோ ஒரு வெப்சைட்ல பிடிச்சேன்."

சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. வாசலில் தூங்கிய தன் நாயை வேண்டாவெறுப்பாக எழுப்பினார். அது ஒரு தரம் குரைத்தது.

"எனக்குப் பசிக்கிறது," என்றது போன்.

அவருக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷம் வளர்த்த பிள்ளை இன்றுதான் வாய் திறந்திருக்கிறது! ஓடிப்போய் ரொட்டி எடுத்துவந்தார்.

"யாரு ரொட்டியை எடுத்தது?" என்று மாமியார் சமையலறையிலிருந்து கத்தினார்.

"எனக்கு முதுகு சொறிந்து விடுங்கள்," என்றது போன்.

மாமியார் கரண்டியோடு வெளியே வந்தார். மச்சான் பதறிப்போய் போனை அணைத்தான்; அணையவில்லை. ஆப்பை நீக்கினான், அது நகர்வதாயில்லை. அதற்குள் அவனுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் "லொள்" என்று மெசேஜ் பறந்துவிட்டது. மாமியாரின் போனும் கிணுகிணுத்தது.

"பெத்தவளைப் பார்த்தாடா குரைக்கிறே?"

ரிப்பேர் கடையில் போனை ஒட்டுமொத்தமாகத் துடைத்துக் கொடுத்தார்கள். மச்சானின் கல்யாண போட்டோக்களும் அதோடு போயின.

மறுநாள் சலூன்காரரைப் பிடிக்க முடியவில்லை. "நம்ம போன் இரும்புக் கோட்டை," என்று ஒவ்வொரு தலையிடமும் சொன்னார்.

"அப்போ இந்த ஷேர் மார்க்கெட் ஆப் உங்களுக்கு எதுக்கு?" என்றார் போனை எட்டிப் பார்த்த, நாற்காலியில் இருந்தவர்.

"அது போன் கூடவே வந்தது. எடுக்க விடமாட்டேங்குது," என்று மழுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் மச்சான் பல்லெல்லாம் தெரிய வந்தான். "மாமா, லொள் பார்த்ததும் பாதி பேருக்கு வீட்டுல ஒழுகுற குழாய் ஞாபகம் வந்துடுச்சு! மூச்சு விட நேரமில்ல."

சலூன்காரர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். அவருடைய கோட்டை அப்படியெல்லாம் தானாகக் குரைத்துத் தொலைக்காது. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தன் கைப்பட "லொள்" அடித்து அனுப்பினார்.

சாயங்காலம் ஒரே ஒருவர் வந்தார். முழு வழுக்கை. சலூன்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று பார்த்துவிட்டுப் போக வந்தாராம்.