கடைசியாக வருகிறவள்

அலமாரியின் இரண்டாம் தட்டை மோகனன் மூன்றாவது தடவையாகக் கலைத்துக்கொண்டிருந்தார். ஒரு பட்டுச்சேலைகூட அகப்படவில்லை. கைக்கு வந்ததெல்லாம் வழுக்குகிற துணிகள். முட்டுவரை நீண்ட கறுப்புக் கால்சட்டைகள், முதுகில் எண் அச்சிட்ட பனியன்கள், ஒரு ரப்பர் தொப்பி. அதற்கும் பின்னால் இருந்த துணிப்பையை இழுத்தபோது அது சரிந்து, உள்ளே கிடந்த பதக்கங்கள் தரையில் கொட்டின.

"அண்ணே, ஆம்புலன்ஸ் பாறசாலை வந்தாச்சாம்." வாசலில் தங்கை பங்கஜாட்சி நின்றாள். "மைனிக்கு உடுத்த ஒரு சாரி எடுக்க இத்தற நேரமா?"

"நீயே வந்து எடு. இவளுக்க அலமாரியில எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

பங்கஜாட்சி குனிந்து ஒரு பதக்கத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவும் மைனி ஜெயிச்சதா?"

"இல்லே. முடிச்சவங்களுக்கு எல்லாம் குடுக்கது. கடைசி வந்தாலும் குடுப்பானுவ."

சட்டைப்பையில் கைபேசி அடித்தது. பந்தல்காரன். நாற்காலி ஐம்பது போதுமா, நூறு வேண்டுமா என்று கேட்டான். "எனக்கிட்ட ஏன் கேக்கே?" என்று மோகனன் கத்தினார். வேறு யாரிடம் கேட்பது என்று அவன் பணிவாகக் கேட்டான். அவர் போனை வைத்துவிட்டார்.

அவர் மனைவி ஸ்ரீகுமாரி குளத்தூரில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் கொடுத்தவள். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். சைக்கிள் மிதிப்பதும் அவளுக்குப் புதிதல்ல. நாற்பத்துநான்கு வயதில் தையல்கடை ஜிஜாவும் பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் அனுமோளும் சேர்ந்து அவளைக் கெடுத்தார்கள் என்பதுதான் மோகனனின் கட்சி. முதலில் ஊர்க் குளத்தில் நீந்தப் படித்தார்கள். பிறகு மூன்றுபேரும் விடியற்காலையில் ரோட்டில் ஓட ஆரம்பித்தார்கள். பிறகு ஒருநாள் கோவளத்தில் கடலில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, அதையும் வைத்துவிட்டு ஓடுகிற போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தார்கள். டிரையத்லான் என்ற சொல்லை மோகனன் ஒருபோதும் உச்சரித்ததில்லை. "அந்த மூணு கூத்து" என்றுதான் சொல்வார்.

அவர் பாறசாலை டிப்போவில் கண்டக்டர். "கண்டக்டரே, ஒங்க வீட்டுக்காரி காலத்தே ரோட்டில ஓடுதாளே, நாய் ஏதாவது வெரட்டினதா?" என்று கேட்காத பயணி கிடையாது. ராத்திரி வண்டி முடிந்து வந்து கண் அயர்கிற நேரத்தில் நாலரைக்கு அவளுடைய அலாரம் அடிக்கும். கட்டன்சாயாவை அவரே போட்டுக் குடிக்கவேண்டும். ஒரே ஒரு தடவை அவரும் கோவளத்துக்குப் போனார். பந்தலைப் பாதி பிரித்தபிறகு அவள் ஓடி வந்தாள், கடைசியாக. வெயிலில் இரண்டு மணிநேரம் நின்ற கடுப்பில் அவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "கடைசி வாறதுக்கு என்னத்துக்குடி போறே?"

அவள் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தி கடைசி வந்தாத்தானே மத்தவளுவ முன்னால வர ஒக்கும்."

அதற்குப்பிறகு நாலு வருடமாக அவர் கோவளம் பக்கம் போகவே இல்லை.

"அண்ணே." பங்கஜாட்சியின் குரல் தாழ்ந்தது. "அவளுவ வந்திருக்காளுவ. சைக்கிளிலயாக்கும். சாவு வீட்டுக்கு சைக்கிளில வாற பெண்ணுங்கள எங்கயாவது கண்டதுண்டா?"

மோகனன் முற்றத்தில் இறங்கினார். பந்தல் காலில் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. ஜிஜா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனுமோளின் முகம் அழுது வீங்கியிருந்தது. நாலு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில், எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், என்று டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து, அவர் மனசுக்குள் சொல்லிப் பழகிய வார்த்தைகள் எல்லாம் இப்போது தயாராக வாயில் வந்து நின்றன.

"வாங்க. பாத்தாச்சா? மழைக்குப் பொறவு குளத்தில எறங்கப்பிடாது, எலியும் மாடும் விழுந்த வெள்ளமாக்கும்னு எத்தற தடவை சொன்னேன்? ஆராவது கேட்டியளா? இனி ரண்டுபேரும் போயி நீந்துங்க. ஒரு எடம் காலியாக் கெடக்கு."

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டுபேரும் வீட்டுக்குள் வரவில்லை. பந்தலுக்கு வெளியே பலாமரத்தடியில் போய் நின்றார்கள். மழைத்தூறல் விழுந்தது. உள்ளே வாருங்கள் என்று அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. முன்னிருக்கையிலிருந்து மகள் நந்தனா இறங்கினாள். மங்களூரில் நர்சிங் படிக்கிறவள், இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் அம்மாவின் கூடவே இருந்தவள். அழவில்லை. ஸ்ட்ரெச்சரை எந்தப் பக்கம் சரித்து வாசலைக் கடக்கவேண்டும் என்று ஆண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னறையில் கிடத்தியபோது மோகனன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் பாய்ந்த முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது, பேச்சின் நடுவில் நிறுத்தினதுபோல.

சேலை இன்னும் எடுத்தபாடில்லை. அதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பஞ்சாயத்து ஹெல்த் இன்ஸ்பெக்டர், முப்பது வயதுக்காரர், கக்கத்தில் ஒரு ஃபைலோடு.

"சாரே, க்ஷமிக்கணும். இப்ப வந்து கேக்கப்பிடாதுதான். இந்த வார்டில இது ரண்டாவது கேஸு. எந்தத் தண்ணியில இருந்து வந்துதுன்னு தெரிஞ்சா இண்ணைக்கே அடைக்கலாம்."

"குளம்," என்றார் மோகனன். அவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. கடைசியில் ஒருவராவது சரியான கேள்வியைக் கேட்கிறார்.

"ஊர்க் குளமாக்கும் சாரே," பங்கஜாட்சி முன்னால் வந்தாள். "அத அடைச்சுப் போடுங்க. இனி ஒருத்தியும் எறங்கப்பிடாது."

இன்ஸ்பெக்டர் எழுதினார். "கடைசியா எண்ணைக்கு எறங்கினாங்க?"

"தெனமும்."

"தேதி வேணும் சாரே. கூட நீந்தினவங்க ஆராவது உண்டா?"

எல்லாரும் பலாமரத்தைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் கையசைக்க, இரண்டுபேரும் பந்தலுக்குள் வந்தார்கள். ஜிஜா மோகனனைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்: "குளத்தில எறங்கி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சாரே."

"பொய் சொல்லாதே," மோகனன் குறுக்கிட்டார். "போன சனிக்கு முந்தின சனிக்கும் கொடியில நனைஞ்ச துணி கெடந்தத எனக்க கண்ணால கண்டேன்."

"அது நெய்யாற்றின்கரையில காசு குடுத்து நீந்துற எடத்தில எறங்கினது அண்ணே. சனிக்கிழமைக்கு பஸ்ஸில போவோம். அண்ணன் சண்டை போட்டதுக்கு அடுத்த நாளே அக்கா குளத்த நிறுத்தியாச்சு. எங்களையும் எறங்க விடல்ல."

"பொறவு நான் தெனமும் ஏசினேனே. எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

அனுமோள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சொன்னா, தான் ஜெயிச்சாச்சுன்னு நெனச்சுக்கிடுவாரு, சொல்லாண்டாம்னு அக்கா சொன்னா."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். மோகனனுக்கு உள்ளே போய் அவளை உலுக்கி எழுப்பவேண்டும் போலிருந்தது. ஒரு மாதம். ஒரு மாதமாக அவர் சொன்னதையே செய்துகொண்டு, செய்யவில்லை என்று அவரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். இப்படியும் ஒரு பிடிவாதமா?

"அந்த எடத்தில குளோரின் போடுவாங்க, அதில வராது," இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்தார். "வேற எங்கயாவது? ஓடை, சேறு, மாட்டுத் தொழுவம்? ஒரு ரண்டு வாரத்துக்குள்ள. காலில புண்ணு ஏதாவது உண்டாயிருந்துதா?"

"புது ஷூ கடிச்சு குதிகாலில தோலு உரிஞ்சு கெடந்துது," என்றாள் அனுமோள்.

மோகனன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அடுக்களைக்குப் பின்னால் ஓடை அடைத்துக்கொண்டு கிடந்தது. சகதியும் தேங்காய்த்தொண்டும் வாழைத்தண்டும் சேர்ந்து, பெய்த மழையெல்லாம் அங்கேயே தேங்கி, அடுக்களைப் படிவரை ஏறியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அவர் வாரித்தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஓடை. அன்றைக்கும் ராத்திரி வண்டி முடிந்து வந்து படுத்திருந்தார். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. "விடுடீ, நான் பாத்துக்கிடுதேன்," என்று படுக்கையிலிருந்தே கத்தினார். சத்தம் நிற்கவில்லை. அவர் தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு தூங்கிவிட்டார். எழுந்தபோது ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அவள் முட்டுவரை சேற்றோடு படியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்கால் வலி தாங்கவில்லை என்று கட்டிலில் கிடந்து முனகினாள். அப்போது அவர் என்ன சொன்னார்? "ஓடினா காலு வலிக்கத்தான் செய்யும். போ, இன்னும் ஓடு." அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னார். மூன்றாம் நாள் அவள் கண்கள் சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

"ஓர்மை வரல்லேன்னா பரவாயில்ல சாரே," இன்ஸ்பெக்டர் பேனாவை மூடப்போனார். "குளம்னே வைப்போம்."

"அதுதான், குளம்னே வையுங்க," என்றாள் பங்கஜாட்சி.

"குளம் இல்ல," என்றார் மோகனன்.

"அண்ணே, நீ மிண்டாம இரி."

"குளம் இல்ல சாரே. அடுக்களைக்குப் பின்னால உள்ள ஓடையாக்கும். நான் வாராமப் போட்டிருந்த ஓடை. அவ எறங்கி வாரினா." குரல் பந்தல் முழுவதும் கேட்டது. கொஞ்சம் தணித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் குளத்தையும் அவர் இதே குரலில்தான் சொல்லியிருந்தார். "நான் உள்ள ஒறங்கிட்டுக் கெடந்தேன்."

ஜிஜா தரையைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் மெதுவாக, "காட்டித் தருவீங்களா சாரே?" என்றார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ப்ளீச்சிங் பவுடர் கொண்டுவரச் சொல்லி இன்ஸ்பெக்டர் யாருக்கோ போன் செய்தார்.

அடுக்களை வாசலில் நந்தனா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எண்ணைக்குப்பா?"

"பதினேழாம் தேதி மக்கா. ஞாயிற்றுக்கிழமை."

"நான் அண்ணைக்கு அம்மைய போனில விளிச்சேன். வேலையா நிக்கேன், அப்பா ஒறங்குதாரு, சத்தம் போடாண்டாம், பொறவு கூப்பிடுதேன்னு வச்சுட்டா."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று மோகனனுக்குத் தோன்றியது. அவளுடைய அம்மா என்றால் ஏசியிருப்பாள்.

முற்றத்துக்குத் திரும்பியபோது ஜிஜாவும் அனுமோளும் மறுபடியும் பலாமரத்தடிக்கே போயிருந்தார்கள். அவர் நேராக அங்கே நடந்தார்.

"உள்ள வாங்க," என்றார். குரலில் எரிச்சல் அப்படியேதான் இருந்தது. அதை எங்கே கழற்றி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "சாரி எதுன்னு எனக்குத் தெரியல்ல. காலத்த இருந்தே தேடுதேன்."

ஜிஜா ஈரக்காலைக் கால்மிதியில் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். அலமாரியைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து, மாம்பழநிறப் பட்டுச்சேலையையும் அதற்கான ரவிக்கையையும் எடுத்தாள். "அக்கா மெலிஞ்சு போனதில பழைய பிளவுசு எல்லாம் லூசாக்கும். இது ஒண்ணு மட்டும் ஓணத்துக்கு நான் பிடிச்சுத் தச்சுக் குடுத்தது," என்று பங்கஜாட்சியிடம் சொன்னாள். பங்கஜாட்சி ரவிக்கையின் தையலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ நீயே உடுத்தி விடு. ஒனக்குத்தான் அளவு தெரியும்," என்று தண்ணீர்க் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள். கதவு சாத்தப்பட்டது.

வீட்டின் தெற்குப் பக்கம் சிதைக்கு மாமரம் வெட்டி அடுக்கியிருந்தார்கள். நந்தனாதான் கொள்ளி வைத்தாள். பெண்பிள்ளையா என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். "பின்ன ஆரு? நீங்க வைக்குதியளா?" என்று மோகனன் திரும்பிக் கேட்டதும் பேச்சு நின்றது. ஈரவிறகு சுலபத்தில் பிடிக்கவில்லை. புகை வடக்கே வீட்டுப் பக்கமாகவே வந்தது. சிரட்டை போடு, நெய் ஊற்று, பனையோலையால் வீசு என்று ஆளாளுக்கு உத்தரவு போட்டார்கள். மோகனன் எல்லாருடனும் சண்டை பிடித்தார். தீ பிடித்து எழுந்தபிறகு சண்டைபிடிக்க ஒன்றுமில்லாமல் நின்றார்.

நாலுமணிக்கு உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். ஜிஜாவும் அனுமோளும் கஞ்சிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார்கள். மோகனன் கேட்டைத் திறந்துவிட்டார். வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற செம்மண் மேடு ஆம்புலன்ஸும் வண்டிகளும் போய்வந்ததில் குழம்பிக் கிடந்தது. ஜிஜா சைக்கிளை உருட்டி ஏற்றப் பார்த்தாள். சக்கரம் சேற்றில் புதைந்து நின்றது. இன்னொரு தடவை முயன்றாள்.

"இஞ்ச வெலகு. நீ ஏறி இரி," என்றார் மோகனன்.

"வேண்டாம் அண்ணே, நான்..."

"ஏறுன்னா ஏறணும்."

அவள் ஏறி மிதித்தாள். அவர் பின்னால் கேரியரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக் கழன்றது. அதை விட்டுவிட்டார். மேட்டின் உச்சியில் சக்கரம் தாரில் ஏறியதும் சைக்கிள் தானாகவே அவர் கையைவிட்டு முன்னால் போயிற்று. ஜிஜா கொஞ்சதூரம் போய் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

மூச்சு வாங்க அவர் திரும்பிப் பார்த்தார். கீழே கேட்டருகில் அனுமோள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோகனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் மேட்டிலிருந்து இறங்கினார்.